பிப்ரவரியை எடுத்துக்கொண்டு செப்டம்பரைக் கொடுங்கள்

என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) முதல் டிவிஷன் பேஸ்பால் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மிச்சிகனில் குடியிருக்கிறேன். என் பையன் வடக்கே ஒரு கல்லூரி அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், பிள்ளையை கிரிக்கெட்டுக்குப் பதிலாக பேஸ்பாலில் விட்டுவிட்டு, தை பிறந்ததும் அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போக ஃப்ளோரிடா டிக்கெட் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பெற்றோர் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சீசன் தொடக்கத்தை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குத் தள்ளுங்கள். அதனால் விடுபடும் ஆட்டங்களில் பன்னிரண்டை செப்டம்பரிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் ஆட விட்டு, அவற்றையும் வெற்றி தோல்விக் கணக்கில் சேருங்கள். ஜூன் மாதத்து ஒமாஹா, அதாவது அந்த ஊரில் நடக்கும் பட்டத்துக்கான கடைசிச் சுற்று, இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஒரு வடக்கத்தி அணி சீசனுக்கு எப்படித் தயாராகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி திறக்கும். இலையுதிர் காலத்தில் 45 நாள் அணியாகச் சேர்ந்து பயிற்சி எடுக்க உங்கள் விதி அனுமதிக்கிறது. மிச்சிகனில் செப்டம்பர் எப்படி இருக்கும் என்று இங்கே ஒரு வருஷம் இருந்தவரைக் கேளுங்கள். வெயில் சுடாது, மழை அதிகம் தொந்தரவு செய்யாது, மைதானம் பச்சையாக, மண் இறுகி, பந்து விளையாடுவதற்கென்றே ஒதுக்கி வைத்த மாதம் போல இருக்கும். அந்த மாதத்தில் பையன்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிக்கொள்கிறார்கள். வெளி அணியுடன் ஆடினாலும் அது கணக்கில் வராத ஒத்திகைதான். அந்த 45 நாளும் முடிந்தால் வாரத்துக்கு 8 மணி நேரம், அவ்வளவுதான் அனுமதி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் ஜனவரி கடைசியில் முழுப் பயிற்சி, வாரத்துக்கு 20 மணி நேரம். மூன்று வாரம்கூட முழுசாக ஆகியிருக்காது, முதல் ஆட்டம் வந்து நிற்கும். 2025இல் அது பிப்ரவரி 14. 2026இல் பிப்ரவரி 13.

அந்த மூன்று வாரமும் மைதானம் பனிக்கு அடியில்தான் கிடக்கும். பயிற்சி நடப்பது கூரை போட்ட கொட்டகையில். அதுவும் பல கல்லூரிகளில் அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகக் கட்டியது, நல்ல நேரமெல்லாம் அவர்களுக்கு. பேஸ்பால் பையன்களுக்குக் கிடைப்பது விடியற்காலை அல்லது ராத்திரி. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அந்த மாதிரி ஒரு கொட்டகைக்குள் போய் நின்று பார்த்தேன். பெற்றோருக்கு அனுமதி இல்லை, கோச் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். நீளவாக்கில் வலைகளைத் தொங்கவிட்டு நாலைந்து சந்துகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு சந்திலும் பேட்டில் பந்து படும்போதெல்லாம் தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கிறது. ஓரத்தில் மரப்பலகையைச் சரிவாக அடித்து, மேலே பச்சைக் கார்ப்பெட் ஒட்டி ஒரு மவுண்ட் வைத்திருந்தார்கள். அதில் ஏறித்தான் பிட்சர்கள் பந்து போடுகிறார்கள். ஸ்பைக்ஸ் போட்டால் கார்ப்பெட் கிழியும் என்று எல்லோருக்கும் சாதாரண ஷூ.

மவுண்ட் மவுண்ட்தானே, உயரமும் தூரமும் ஒன்றுதானே என்று நானும் பையனிடம் கேட்டேன். அவன் விளக்கியதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. நிஜமான மண் மேட்டில் பந்தை விடும்போது முன்னங்கால் போய் விழுகிற இடத்தில் ஒரு குழி விழும். ஆட்டம் போகப் போக அது ஆழமாகும். எதிரணி பிட்சர் உன்னைவிட உயரமானவனாக இருந்தால் அவன் குழி ஒரு சாண் தள்ளியிருக்கும், உன் கால் பாதி அதிலும் பாதி மேட்டிலுமாக இறங்கும். முழங்கால் அதற்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டும். "பலகையில குழி ஏதுப்பா?" என்றான். குளிர்காலம் முழுக்கப் பலகையில் போட்டுவிட்டு, வருஷத்தின் முதல் குழியில் கால் வைப்பது கணக்கில் வரும் ஆட்டத்தில், கையில் முழு வேகத்துடன்.

பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர்களுக்கு வேறு கதை. பேட்டில் உரசித் தலைக்கு மேலே செங்குத்தாக எழும்பும் ஃபவுல் பந்து சுழற்சியினால் திரும்ப மைதானத்துக்குள்தான் வளைந்து இறங்கும். அதனால் கேட்சர் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பந்து தன்னிடம் வரும் வரை காத்திருக்க வேண்டும். கூரைக்கு அடியில் இதை எப்படிப் பழகுவது? பந்து உத்திரத்தில் இடித்து எங்கேயோ போய் விழும். மைதானத்தின் தூரக் கோடியில் நிற்கிற அவுட்ஃபீல்டர்களுக்கு வானமே கிடையாது. வெயில் கண்ணைக் குத்தும்போது கையுறையால் மறைத்துக்கொண்டு பந்தைப் பிடிப்பது ஒரு தனி வித்தை. அந்த வித்தையை அக்டோபருக்குப் பிறகு பிப்ரவரியில்தான் தொட்டுப் பார்க்கிறார்கள், எதிரே ஆறு மாதமும் வெயிலில் நின்ற தெற்கத்திப் பையன்கள். முதல் வாரத்தில் வடக்கத்தி அணிகள் விடுகிற கேட்சுகளைப் பார்த்து டி.வி.யில் சிரிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும்.

இதே பிப்ரவரி நடுவில் எங்கள் மாநிலத்துத் தொழில்முறை அணியான டெட்ராய்ட் டைகர்ஸும் ஃப்ளோரிடாவுக்குத்தான் போகிறது. இரண்டாம் உலகப் போரின்போது சில வருஷம் தவிர, 1934இலிருந்து லேக்லாண்டில்தான் அவர்களுடைய வசந்தப் பயிற்சி. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற, இதையே தொழிலாகச் செய்கிற மனிதர்கள், பந்தைக் கையில் எடுத்து ஏறக்குறைய ஆறு வாரம் கழித்துத்தான், மார்ச் கடைசியில், கணக்கில் வரும் முதல் ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவர்கள் பயிற்சியைத் தொடங்குகிற வாரத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் சீசனையே தொடங்கிவிடுகிறார்கள். இந்த ஒன்றை யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆட்டங்களின் கணக்குக்கு வருகிறேன். 56 ஆட்டங்கள், 14 வாரங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று, வார நடுவில் ஒன்று, ஆக வாரத்துக்கு நான்கு. தெற்கே ஒரு பெரிய கல்லூரி இந்த முதல் நான்கு வாரத்தையும் சொந்த மைதானத்தில், சொந்தக் கட்டிலில் படுத்து எழுந்து ஆட முடியும். சொந்த மைதானம் பனியில் கிடப்பதால் வடக்கே இருப்பவர்கள் வாராவாரம் வியாழக்கிழமை கிளம்பித் தெற்கே விமானம் ஏறுகிறார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு போயிற்று, பாதி நேரம் வியாழக்கிழமை வகுப்பும் போயிற்று. ஞாயிறு ஆட்டத்துக்கு ஒரு நேரக்கெடு உண்டு, அந்த மணிக்கு மேல் புது இன்னிங்ஸ் கிடையாது, வந்தவர்கள் விமானம் பிடிக்க வேண்டுமே. தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி வாய்ப்பு கிடைக்காமலே பையைக் கட்டுகிறது. ராத்திரி ஏர்போர்ட்டில், கேட் பக்கத்துத் தரையில், பிளக் பாயின்ட் இருக்கிற சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து லேப்டாப்பில் கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட் எழுதுகிற ஆறடிப் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திங்கள் காலை எட்டு மணி வகுப்பில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விழித்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

இப்படி நான்கு வாரம் போய்வந்த அணி, மார்ச் நடுவில் சொந்த ஊருக்கு வரும்போது வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக வைத்திருப்பது சாதாரணம். அணிகளைத் தரவரிசைப்படுத்தும் ஆர்.பி.ஐ. சூத்திரம் அந்தத் தோல்விகளை மே மாதம் வரை சுமக்கும். அந்தச் சூத்திரத்தில் சொந்த வெற்றி விகிதம் கால் பங்கு, எதிரணிகளின் விகிதம் அரைப் பங்கு, அவர்களுடைய எதிரணிகளின் விகிதம் மீதிக் கால் பங்கு. வடக்கத்தி அணிகள் வெளியூரிலேயே அதிகம் ஆட வேண்டியிருக்கிறது என்று 2013இல் நீங்களே ஒரு திருத்தம் கொண்டுவந்தீர்கள். வெளியூர் வெற்றிக்கு 1.3, உள்ளூர் வெற்றிக்கு 0.7, தோல்விக்கு இதே தலைகீழாக. நல்ல மனசோடு செய்த திருத்தம், மறுக்கவில்லை. ஆனால் அது தோற்ற பிறகு வலியைக் குறைக்கிற மாத்திரை. முழங்கால் பழகாத குழியில் இறங்குவதை அது தடுக்கவில்லை. மே கடைசியில் பட்டப் போட்டிக்குத் தேர்வாகும் 64 அணிப் பட்டியலும், முதல் சுற்றை நடத்தும் 16 மைதானங்களின் பெயரும் வரும்போது வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தெற்கிலும் மேற்குக் கரையிலும்தான் விழும்.

திறமை இல்லாததால்தான் வடக்கு தோற்கிறது என்று சொல்பவர்களுக்கு இரண்டு வருஷங்களை நினைவுபடுத்துகிறேன். 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் 64 அணிப் பட்டியலில் கடைசியாக உள்ளே வந்த நான்கு அணிகளில் ஒன்று. நாட்டிலேயே முதல் இடத்தில் வைக்கப்பட்ட யு.சி.எல்.ஏ.வை அவர்கள் ஊரிலேயே போய் வீழ்த்தி ஒமாஹா வந்தது, இறுதிப் போட்டி வரை போய் முதல் ஆட்டத்தை ஜெயித்தது, பிறகு வாண்டர்பில்ட்டிடம் இரண்டில் தோற்றது. 2022இல் இண்டியானாவின் நோட்டர்டாம். அந்த வருஷம் முதல் இடத்தில் இருந்தது டென்னஸி. நாக்ஸ்வில்லில் அவர்கள் கூட்டத்துக்கு நடுவிலேயே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நோட்டர்டாம் ஒமாஹா போயிற்று. இரண்டுமே ஜூன் மாதம். அதற்குள் எல்லோருக்கும் ஒரே வெயில், ஒரே மண், எல்லோரும் நாலு மாதம் ஆடியிருக்கிறார்கள். ஆனாலும் பட்டம் என்று பார்த்தால், மிச்சிகன் ஆடுகிற பிக் டென் லீகின் அணி ஒன்று கடைசியாக வென்றது 1966இல், ஒஹாயோ ஸ்டேட். அதற்கு முந்தைய பதினைந்து வருஷத்தில் மிச்சிகன் இரண்டு, மினசோட்டா மூன்று என்று வாங்கிக் குவித்த லீக் அது.

ஓரிகன் ஸ்டேட் மூன்று தடவை ஜெயிக்கவில்லையா என்பீர்கள். 2006, 2007, 2018, ஜெயித்தார்கள். கர்வாலிஸில் மழை உண்டு, மிச்சிகன் மாதிரி உறைபனி கிடையாது. அவர்களும் சீசனைத் தொடங்குவது வழக்கமாக அரிசோனாவில்.

முன்பு இதைவிட மோசமாக இருந்ததையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2008 வரை நாட்டுக்கெல்லாம் ஒரே தொடக்கத் தேதி என்று எதுவும் இல்லை. வெயில் பக்கத்துக் கல்லூரிகள் முன்னாலேயே ஆடத் தொடங்கிவிடும். அந்த வருஷம்தான் எல்லோருக்கும் பிப்ரவரி 22 என்று ஒரு நாள் வைத்தீர்கள். தேதியை மாற்றினால் வானம் இடிந்து விழாது என்று அப்போதே நிரூபணமாகிவிட்டது. பிறகு அந்தத் தேதி மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து பிப்ரவரி 13க்கு வந்து நிற்கிறது. நகர்வது என்றால் இந்த ஒரு திசையில் மட்டும்தானா?

பலரும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். மினசோட்டாவில் 43 சீசன் கோச்சாக இருந்து 2024இல் ஓய்வு பெற்ற ஜான் ஆண்டர்சன் வருஷக்கணக்காகச் சொன்னது இதைத்தான். கூரை போட்ட ஃபுட்பால் ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுத்து மார்ச் மாத ஆட்டங்களை நடத்துகிற ஊர் அவருடையது. 2020இல் அன்றைய மிச்சிகன் கோச் எரிக் பாகிச், சீசனை ஒரு மாதம் தள்ளி மார்ச்சில் தொடங்கி, ஒமாஹாவை ஜூலையில் வைக்கலாம் என்று சக கோச்சுகளோடு சேர்ந்து ஒரு திட்டமே தயாரித்துக் கொடுத்தார். அது கிடப்பில் கிடக்கிறது. பாகிச் 2022இல் தென் கரோலினாவின் க்ளெம்சனுக்குப் போய்விட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

அந்தத் திட்டம் ஏன் கிடப்பில் போயிற்று என்று யோசித்தால், அதை எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மே மாதத்தோடு கல்லூரி முடிந்துவிடும், அதற்குப் பிறகு இரண்டரை மாதம் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சாப்பாடும் யார் கொடுப்பது? மாணவர்கள் இல்லாத ஊரில் யாருக்காக ஆடுவது? ஜூலையில் தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் மேஜர் லீக் டிராஃப்ட் வருகிறது, கோடைக்கால லீகுகள் ஜூனில் தொடங்குகின்றன. லூசியானாவில் ஜூலை மதியம் ஆடுவது நமக்கு பிப்ரவரியில் ஆடுவதைப் போன்ற தண்டனை. போதாததற்கு ஒமாஹா நகரத்துடன் 2035 வரை ஒப்பந்தம் வேறு. 1950இலிருந்து ஜூன் மாதம் என்றால் அந்த ஊருக்கு இதுதான் திருவிழா. இத்தனையையும் நகர்த்து என்று கேட்டால் நடக்காது.

அதனால்தான் நான் கடைசிப் பக்கத்தைத் தொடாமல் முன்பக்கத்தைத் திறக்கச் சொல்கிறேன். செப்டம்பரில் மாணவர்கள் ஊரில் இருக்கிறார்கள், விடுதி திறந்திருக்கிறது, மைதானம் தயாராக இருக்கிறது, உங்கள் 45 நாள் பயிற்சியும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நான்கு வார இறுதிகளில் பன்னிரண்டு ஆட்டம். பஸ்ஸில் போய்வருகிற தூரத்து அணிகளோடு ஆடலாம், விமானச் செலவே வேண்டாம். வசந்தத்தில் மார்ச் நடுவிலிருந்து பத்து வாரம், வாரத்துக்கு நான்கு, ஆக நாற்பது. மொத்தம் 52. நான்கு ஆட்டம் குறைந்தால் யாருடைய குடியும் முழுகிப் போகாது, பிட்சர்களின் தோள்பட்டை வேண்டுமானால் நன்றி சொல்லும். கல்லூரி கோல்ஃப் அணிகள் இலையுதிர் காலப் போட்டிகளையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆடிவருகின்றன. உங்கள் வீட்டுக்குள்ளேயே முன்மாதிரி இருக்கிறது.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் ஆகஸ்டில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு செப்டம்பரில் ஆட வேண்டும். டிசம்பரில் வேறு கல்லூரிக்குத் தாவுகிறவன் ஜெயித்துக் கொடுத்த ஆட்டம் யார் கணக்கு என்ற கேள்வி வரும். சனிக்கிழமை ஃபுட்பாலோடு மோத முடியாது, அது எனக்கும் தெரியும், அன்னைக்கு ஊரில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. வெள்ளி ஒன்று, ஞாயிறு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாமே. டபுள் ஹெட்டர் நமக்குப் புதிதா என்ன?

தெற்கத்திக் கல்லூரிகள் ஒத்துக்கொள்ளாது என்பதுதான் பெரிய தடை. பேட்டன் ரூஜிலும் ஸ்டார்க்வில்லிலும் பிப்ரவரி ஆட்டத்துக்கே பத்தாயிரம் பேர் வருகிறார்கள். அது வருமானம், அதை விட மனம் வராது. அந்த வருமானம் இப்போது இன்னும் பெரிய விஷயமாகிவிட்டது. 2024–25 வரை ஒவ்வொரு அணிக்கும் 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை முப்பது சொச்சம் பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். என்னைப் போன்றவர்கள் மீதியைக் கையிலிருந்து கட்டினோம். கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடர்ந்த வழக்கின் நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகள் அணியின் 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப்பே கொடுக்கலாம். கொடுக்க வசதி உள்ளவர்கள் கொடுப்பார்கள். மார்ச் நடு வரை சொந்த மைதானத்தில் ஒரு டிக்கெட்கூட விற்க முடியாத அணி எதைக் கொண்டு கொடுக்கும்? விஸ்கான்சின் 1991இலும், அயோவா ஸ்டேட் 2001இலும், வெர்மாண்ட் 2009இலும் பேஸ்பாலையே மூடிவிட்டன. வானிலை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெளியூரிலேயே பாதி சீசனைக் கழிக்கிற விளையாட்டுக்கு, பணம் குறைகிற வருஷத்தில் பரிந்து பேச ஊரில் ஆள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

தெற்குக்கு இதில் நஷ்டம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கும் செப்டம்பரில் டிக்கெட் விற்க மூன்று நான்கு வாரம் கிடைக்கிறது. பிப்ரவரியில் வருகிற பத்தாயிரம் பேர் செப்டம்பர் வெள்ளிக்கிழமை மாலை வர மாட்டார்களா?

ஒரேயடியாக வேண்டாம் என்றால் சின்னதாகச் செய்து பாருங்கள். பிக் டென்னையோ மிட் அமெரிக்கன் லீகையோ இரண்டு வருஷம் சோதனைக்கு விடுங்கள். லீகுக்குள் ஆடும் ஆட்டங்களில் ஆறை செப்டம்பரில் ஆடிக்கொள்ளட்டும், லீக் பட்டியலில் மட்டும் சேரட்டும், ஆர்.பி.ஐ.யில் வேண்டாம். தெற்கே ஒருவருக்கும் இதில் ஆட்சேபம் இருக்க வழியில்லை.

அதற்கும் முன்னால் ஒரு காரியம், இதற்கு எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பையன்கள் பேராசிரியர்களிடம் காட்டுகிற அனுமதிக் கடிதம் ஒன்று இருக்கிறது, எந்தெந்த நாள் வகுப்புக்கு வர மாட்டான் என்று தேதியோடு. ஒவ்வொரு கல்லூரி அத்லெடிக் டிபார்ட்மெண்டிலும் அதன் நகல் இருக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்தில் ஒரு பேஸ்பால் மாணவன் இழக்கும் வகுப்பு நாட்கள் எத்தனை, வடக்கில் எத்தனை, தெற்கில் எத்தனை என்று அவற்றைக் கேட்டு வாங்கிக் கூட்டி வெளியிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது மேஜையில் அந்தத் தாள் இருந்தால் போதும், என் மடல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து ஒரு பிட்சரின் அப்பா